சைக்கிள் பையில் ஏழு காலண்டர் பொட்டலங்கள்

எனக்கு முன்னால் பிறந்து, மலைப்பாதையில் எனக்குப் பின்னால் சைக்கிள் மிதித்து, கடைசியில் எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்ட என் செல்ல விஜி அக்காவுக்கு,

சௌக்கியமா என்று கேட்டால் நீ சிரிப்பாய். கேட்டுவிட்டேன், போ. இங்கே ஸ்ரீவராகத்தில் எல்லாரும் சௌக்கியம். அத்திம்பேர் தானே ரசம் வைக்கிறார். உப்பு ஒருநாள் இருக்கிறது, ஒருநாள் இல்லை. போன வாரம் உன் வருஷாப்தீகம் நல்லபடியாக முடிந்தது. உனக்குப் பிடிக்கும் என்று எள்ளுருண்டையில் வெல்லம் கொஞ்சம் தூக்கலாகப் போட்டேன்.

ஆனால் இதையெல்லாம் சொல்ல நான் எழுத உட்காரவில்லை. சண்டை போட உட்கார்ந்திருக்கிறேன். நீ இருந்தபோது பாதிச் சண்டையிலேயே "மதி மதி, போறும்டீ, மூச்சு வாங்கறது" என்று கையைக் காட்டி நிறுத்திவிடுவாய். இப்போது உன்னால் நிறுத்த முடியாதே! முழுசாகப் போட்டுத் தீர்க்கப் போகிறேன். எதைப் பற்றி என்று உனக்குத் தெரியும். ஷைனியைப் பற்றித்தான்.

எனக்குப் பொறாமை, அக்கா. சுற்றி வளைப்பானேன். சின்ன வயசிலிருந்தே உன்மேல் எனக்குப் பொறாமை உண்டு; உன் தலைமயிர்மேல், உன் கையெழுத்துமேல், அம்மா உன்னைக் கூப்பிடும் குரல்மேல்கூட. ஒன்றே ஒன்றில்தான் நான் ஜெயித்திருந்தேன். ஓட்டப்பந்தயத்தில் கப் வாங்கியவள் நான். நீ பள்ளிக்கூட அணிவகுப்பில்கூடக் கால் மாற்றி வைப்பவள்.

அப்படிப்பட்ட நீ, முட்டி வலிக்கு நடக்காதே, சைக்கிள் ஓட்டு என்று டாக்டர் சொன்னார் என்று நாற்பத்தாறு வயசில் ஒரு சைக்கிள் வாங்கினாய். ஆபீசில், தெருவில், எங்கே பார்த்தாலும் "விஜயா மேடம் சைக்கிளில் கோவளம் போனாங்களாமே!" என்று ஒரே பேச்சு. எனக்குப் பொறுக்குமா? ஒரே மாதத்தில் நானும் வாங்கினேன். உன்னுடையதைவிட லேசான வண்டி, மெல்லிய டயர். தண்ணீர் பாட்டில் வைக்க அதில் ஒரே ஒரு கூடுதான். உன் வண்டியில் ரெண்டு கூடு. முன்னால் ஹேண்டிலில் ஒரு பை வேறு.

அந்தப் பைதான் எல்லாவற்றுக்கும் காரணம்.

கோடையில் இந்த ஊர்ச் சாலையில் ஐம்பது அறுபது கிலோமீட்டர் மிதிக்கிறவர்களுக்கு வெறும் தண்ணீர் போதாது என்பதை முதல் வருஷமே பட்டுத் தெரிந்துகொண்டோம். நெடுமங்காடு ஏற்றத்தில் எனக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு, நடுரோட்டில் "அம்மா" என்று நான் அலறியது நினைவிருக்கிறதா? கடைகளில் விற்கிற பொடிகளை வாங்கிக் கலக்கிப் பார்த்தோம். ஒன்று பல்லைக் கூசும் தித்திப்பு, இன்னொன்றைக் குடித்தால் வயிறு திம்மென்று ஆகிவிடும். அப்புறம்தான் நீயே வீட்டில் பொடி கூட்ட ஆரம்பித்தாய். குளுக்கோஸ், பொடித்த உப்பு, சுக்கு, எலுமிச்சை மாதிரி ஏதோ ஒரு புளிப்பு. எது எவ்வளவு என்று மட்டும் எனக்கு நீ சொல்லவே இல்லை.

கலக்கிய பாட்டிலைக் காலையிலேயே கொண்டுபோனால் பத்து மணி வெயிலில் அது சுட்டுப் புளித்துப்போகும். அதனால் பொடியாகவே எடுத்துப் போவோம். ஒரு பாட்டிலுக்கு ஒரு பொட்டலம். நீ அதைக் கட்டுகிற அழகே தனி. கிழித்த தினசரிக் காலண்டர் தாளில் வைத்து, கோயிலில் குங்குமம் மடித்துத் தருவது போலவே நாலு மடிப்பு மடித்து, வாலைச் செருகிவிடுவாய். ராகு காலம் எமகண்டத்தோடு பொடியும் வரும். வண்டி கிளம்பும்போது நம் ரெண்டு பேர் ஹேண்டிலுக்கும் ஒரு கீற்று பூச, அதே பையில் அதே மாதிரித் தாளில் விபூதிப் பொட்டலமும் ஒன்று இருக்கும்.

விழிஞ்ஞத்தில் அது நம்மை மாட்டிவிட்டதே! துறைமுகச் சாலையில் நீ பையைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறாய். காவலுக்கு நின்ற ஆள் வேகமாக வந்து எட்டிப் பார்க்கிறார். பை நிறைய வெள்ளைப் பொடிப் பொட்டலங்கள்.

"இதெந்தா பொடி?" என்றார்.

நீ அவசரமாக, "பிரசாதம்" என்று சொல்லிவைத்தாய்.

அவர் சட்டென்று தொப்பியைக் கழற்றி, ஒரு பொட்டலத்தைப் பிரித்து, பயபக்தியோடு நெற்றியில் இட்டுக்கொண்டார். விபூதி இருந்த ஒரே பொட்டலத்தை விட்டுவிட்டு மற்றதையா எடுக்க வேண்டும்! நாம் திரும்பி வரும்போது அது வேர்வையில் கரைந்து மூக்குவரைக்கும் வழிந்திருந்தது. ஒரு ஈ அவர் புருவத்தைவிட்டு நகரவில்லை. அவரோ நம்மைப் பார்த்துக் கும்பிட்டார். நெடுஞ்சாலை வரைக்கும் நாம் சிரித்த சிரிப்பில் எனக்கு வயிறு பிடித்துக்கொண்டது.

அந்த நாளில் ஷைனி கிடையாது. நீயும் நானும்தான்.

"என் பங்குப் பொட்டலத்தை என்கிட்டயே குடுத்துடேன்" என்று எத்தனை தடவை கேட்டிருப்பேன்! "உன் முதுகுப் பாக்கெட்டுல வெச்சா வேர்வைல நனைஞ்சு களியாப் போயிடும்டீ. என் பைல இருக்கட்டும்" என்பாய். பொன்முடி போகிற நாளெல்லாம் நான் நெடுமங்காட்டில் போய் நிற்க வேண்டும், விதுராவில் நிற்க வேண்டும், கல்லாற்றில் நிற்க வேண்டும். காலி பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு, மதகுக் கட்டையில் உட்கார்ந்து, கால் மணி, அரை மணி என்று உனக்காகக் காத்திருப்பேன். நீ வியர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்து, "ஏண்டி ரமா, எங்கடி ஓடறே? மலை எழுந்து போயிடுமா?" என்பாய். நான் உம்மென்று கையை நீட்டுவேன்.

உனக்குப் போட்டியாக நான் ஒருதரம் பானகம் கரைத்துக் கொண்டுவந்தேனே, அதையும் சொல்லிவிடுகிறேன். ராத்திரியே வெல்லம் கரைத்து பாட்டிலில் இறுக மூடிவைத்த புத்திசாலி நான். விதுராவில் டீக்கடை முன்னால் மூடியைத் திருகினேன். புளித்துப் பொங்கியிருந்த பானகம் 'புஸ்' என்று சீறி, கண்ணாடிப் பெட்டிமேல் ஆறவைத்திருந்த பழம்பொரி பஜ்ஜித் தட்டு முழுக்க அபிஷேகம் ஆகிவிட்டது. அத்தனை பழம்பொரியையும் நாமே வாங்க வேண்டிவந்தது. நீ ஒரு வார்த்தை கேலி செய்யவில்லை. பேசாமல் ஒரு பொட்டலத்தைப் பிரித்து, பாதித் தண்ணீரில் பொடியைப் போட்டுக் குலுக்கி, மீதித் தண்ணீர் விட்டு என் கையில் தந்தாய். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

அப்புறம்தான் ஷைனி வந்தாள். பேரூர்க்கடையில் பஞ்சர் கடை வாசலில் அவளைக் கண்டுபிடித்தாய். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், என்னைவிட ஏழெட்டு வயசு சின்னவள், உன்னைவிட மெதுவாக மிதிக்கிற ஒரே ஜீவன். அன்றிலிருந்து நான் காத்திருக்கிற இடத்துக்கு நீங்கள் ரெண்டு பேராக வந்தீர்கள். அதுவும் சிரித்துக்கொண்டே வந்தீர்கள். என்ன சிரிப்பு என்று கேட்டால், "ஒண்ணுமில்லடீ, சும்மா" என்பாய். சும்மா எதற்கு அக்கா ஒருத்தி சிரிக்கிறாள்?

அவளுக்கும் நம் பொட்டலம். அவளுக்கும் ஹேண்டிலில் ஒரு கீற்று விபூதி. அவளும் சிலுவைச் சங்கிலியைக் கழுத்துக்குள் தள்ளிவிட்டு, நெற்றியைக்கூட நீட்டுவாள். "விஜியேச்சி" என்று அவள் கூப்பிடும்போதெல்லாம் எனக்குக் காதில் எறும்பு புகுந்தது போல இருக்கும். உன்னை அக்கா என்று கூப்பிட உலகத்தில் ஒருத்திக்குத்தான் உரிமை என்று நான் நினைத்திருந்தேன்.

போன சித்திரையில் ஆறே வாரத்தில் நீ போய்விட்டாய். ரத்தத்தில் என்னவோ என்றார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில்கூட நான் உட்கார்ந்த பெஞ்சில் ஷைனியை உட்காரவிடவில்லை. என் ஹெல்மெட்டை நடுவில் வைத்திருந்தேன். இதை இன்றுதான் முதன்முதலாகச் சொல்கிறேன்.

உன் காரியமெல்லாம் முடிந்த பிறகு அத்திம்பேர் உன் சைக்கிள் பையை என் கையில் கொடுத்தார். "உங்கக்கா கட்டி வெச்சது ஏழு பொட்டலம் இருக்கும்மா இதுல. நீயும் ஷைனியும் எடுத்துக்கோங்கோ" என்றார். தெளிவாகச் சொன்னார். எனக்கும் தெளிவாகக் காதில் விழுந்தது.

மறுவாரமே ஷைனி போன் செய்தாள். தமிழும் மலையாளமும் கலந்த அவள் பேச்சில், "ரமேச்சீ, விஜியேச்சியோட பொட்டலம் ஏதும் மிச்சமுண்டோ? ஒண்ணு மதி" என்றாள்.

"ஒண்ணுமில்லை" என்றேன்.

வாய் கூசாமல் சொன்னேன், அக்கா. மழைக்காலத்தில் கட்டியாகிவிடக் கூடாது என்று ஏழு பொட்டலத்தையும் ஒரு பாட்டிலில் அரிசிக்கு நடுவே புதைத்துவைத்தேன். இந்த ஒரு வருஷத்தில் தனியாகப் போய் ஆறைக் குடித்தேன். வர்க்கலை போனபோது ஒன்று, விழிஞ்ஞம் போனபோது ஒன்று, உன் பிறந்தநாளுக்கு ஒன்று, இப்படி. ஒவ்வொரு வாய்க்கும் 'இது எனக்கு மட்டும்' என்று நினைத்துக்கொண்டு விழுங்கினேன். குடித்த பிறகு தாளைத் தடவிச் சரிசெய்து பர்சில் வைத்துக்கொண்டேன். ஏழாவதைத் தொட மனசு வரவில்லை.

வருஷாப்தீகம் முடிந்த அன்று அத்திம்பேர்தான் ஆரம்பித்தார். "விஜி பேரைச் சொல்லி நீயும் ஷைனியும் பொன்முடி போயிட்டு வாங்கோளேன்" என்றார். எப்படி மறுப்பது? போன ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் கிளம்பினோம். நான் ஏழாவது பொட்டலத்தை பிளாஸ்டிக் உறையில் சுற்றி முதுகுப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டேன். உச்சிக்கு முன்னால், கல்லாற்றில், அவளுக்குத் தெரியாமல் கலக்கிக் குடித்துவிட வேண்டும் என்பது என் திட்டம்.

வழக்கம் போல நான் முன்னால் போய்விட்டேன். கல்லாற்றில் ஆற்றோரம் கடை போட்டிருக்கிற அம்மாவிடம் தண்ணீர் வாங்கி, பாறைமேல் உட்கார்ந்து ஆசுவாசப்படுத்திக்கொண்டேன். நல்ல வெயில். தூரத்தில் வளைவில் ஷைனியின் சிவப்பு ஹெல்மெட் தெரிந்தது. அவசர அவசரமாகச் சாலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பொட்டலத்தைப் பிரித்து, பாட்டிலுக்குள் கொட்டிக் குலுக்கினேன். கண்ணை மூடிக்கொண்டு ரெண்டு பெரிய வாய் குடித்தேன்.

சாம்பல்!

விபூதி, அக்கா. பொட்டலம் முழுக்க விபூதி. நீ ஹேண்டிலுக்குப் பூசிக்கொண்டிருந்த அதே விபூதி. ஏழில் ஒன்று அதுதான் என்று எனக்கு ஏன் தோன்றவே இல்லை? நாக்கு, அண்ணம், தொண்டை எல்லாம் பூசிக்கொண்டுவிட்டது. துப்பலாம் என்றால் விபூதியை எப்படித் துப்புவது? முழுங்கவும் முடியாமல், துப்பவும் மனசில்லாமல், கன்னத்தை உப்பிக்கொண்டு நின்றேன். மூக்கு வழியாக இருமல் வந்தது.

ஷைனி சைக்கிளை அப்படியே கீழே போட்டுவிட்டு ஓடிவந்தாள். "அய்யோ ரமேச்சீ! எந்து பற்றி, என்னாச்சு? வாயெல்லாம் வெள்ளை!" முதுகில் தட்டினாள். தன் பாட்டிலை என் வாயில் வைத்தாள். நான் மடக்மடக்கென்று குடித்தேன்.

நாலாவது வாயில்தான் ருசி உறைத்தது. அந்த உப்பு, அந்தச் சுக்கு, கடைசியில் நாக்கு நுனியில் வரும் அந்தப் புளிப்பு. உன் கையேதான்.

"இது யாரு சொல்லிக் குடுத்தது?" என்றேன். தொண்டையில் விபூதி, குரலே வரவில்லை. ஆனாலும் கத்தினேன்.

"விஜியேச்சி."

"எப்போ?"

"ரெண்டு வருஷம் முன்னே. நான் சேர்ந்த ஆத்ய மாசமே."

முதல் மாசமே! எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அஞ்சு வருஷம் உன்கூட ஓட்டினவள் நான். ஒரே வயிற்றில் பிறந்தவள் நான். பஞ்சர் கடையில் கிடைத்தவளுக்கு முதல் மாசமே சொல்வாய், எனக்கு மட்டும் வேர்வை, களி என்று சாக்குச் சொல்வாயா? வாய்க்கு வந்ததையெல்லாம் ஷைனியிடம் கொட்டினேன். உன்னைத் திட்ட வேண்டியதை அவளைத் திட்டினேன். கடைக்கார அம்மா தண்ணீர்க் குடத்தோடு அப்படியே நின்றுவிட்டாள்.

ஷைனி பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். அப்புறம், "ரமேச்சிகிட்ட சொல்லக் கூடாதுன்னு விஜியேச்சி என்கிட்ட சத்தியம் வாங்கிச்சு. இனி சொல்லாம்னு தோணுது" என்றாள்.

"என்ன சத்தியம்?"

அவள் உன் குரலிலேயே சொன்னாள். பாவி, உன்னை அப்படியே பேசிக் காட்டுகிறாள்! "'ரமாவுக்குப் பொடி கூட்டத் தெரிஞ்சுடுத்துன்னா அவ ஒரே மூச்சுல உச்சிக்குப் போயிட்டு எறங்கியும் வந்துடுவா. எங்காத்துக்கு வந்தாக்கூட ஹெல்மெட்டைக் கழட்டாம வாசல்ல நின்னுட்டுப் போறவ அவ. பொட்டலம் என் பைல இருந்தாத்தான் எனக்காக நிப்பா. நெடுமங்காடு, விதுரா, கல்லாறு. மூணு தடவை என் தங்கை மூஞ்சியைப் பாக்கறேன். அது போறும் எனக்கு.' அதான் சேச்சி சொன்னது."

நான் பாறையில் உட்கார்ந்துவிட்டேன். எவ்வளவு நேரம் அழுதேன் என்று தெரியாது.

மூணு தடவை. அந்த மூணு தடவையும் நான் உனக்கு என்ன மூஞ்சியைக் காட்டினேன், அக்கா? வாட்ச்சைப் பார்த்துக்கொண்டு, உதட்டைச் சுழித்துக்கொண்டு, "எவ்வளவு நாழி?" என்று எரிந்து விழுகிற மூஞ்சி. அதைப் பார்க்கவா நீ அவ்வளவு தூரம் முட்டி வலியோடு மிதித்து வந்தாய்?

அழுது முடித்ததும் ஷைனியிடம் உண்மையைச் சொன்னேன். "ஏழு பொட்டலம் இருந்துது ஷைனி. உனக்கும் சேர்த்துத்தான் அத்திம்பேர் குடுத்தார். ஒண்ணுமில்லைன்னு பொய் சொன்னேன். எல்லாத்தையும் நானே குடிச்சுட்டேன்."

அவள் கோபித்துக்கொண்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அவளோ போய், கீழே போட்ட சைக்கிளை நிமிர்த்தி வைத்தாள். பிறகு, "பொடி எனக்குக் கூட்டத் தெரியுமல்லோ சேச்சி. நான் கேட்டது பொடிக்கல்ல. விஜியேச்சி கைகொண்டு மடிச்ச அந்தப் பேப்பர். அது எனக்கு மடிக்க வரல. எத்தனை தடவை செஞ்சு நோக்கியும் வால் நிக்கல" என்றாள். தன் பையைத் திறந்து காட்டினாள். நோட்டுப் புத்தகத் தாளில் ஏதோ சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தாள். கணக்கு டீச்சருக்கு நாலு மடிப்பு வரவில்லை.

பர்சைத் திறந்து ஆறு தாளையும் கொடுத்தேன். ஈரம் பட்டிருந்த ஏழாவது தாளையும் பாறைமேல் காயவைத்து எடுத்து, அதையும் கொடுத்தேன். அவள் ஏழையும் மடியில் பரப்பி, மடிப்புத் தடத்தை விரலால் தடவிப் பார்த்தாள். ஒன்றை மட்டும் எனக்கே திருப்பித் தந்தாள். எனக்கு மடிக்கத் தெரியும் என்பது அப்போதுதான் எனக்கே ஞாபகம் வந்தது. அம்மா நம் ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தானே அதைச் சொல்லிக்கொடுத்தாள்? அங்கேயே அவளுக்கு மடித்துக் காட்டினேன். மூணாவது தடவை வால் நின்றது.

பிறகு இருபத்திரெண்டு கொண்டை ஊசி வளைவையும் அவள் பக்கத்திலேயே ஏறினேன். மெதுவாக ஓட்டுவது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியுமோ! ஏழாவது வளைவில் நீ மூச்சு வாங்கிக்கொண்டு பழைய சினிமாக் கதையை முழுசாகச் சொல்வாயாம். பதிமூணாவது வளைவில் அத்திம்பேர் பெண் பார்க்க வந்த கதை. உன் கல்யாணத்துக்கு முன்னால் உனக்குப் பாட்டு வாத்தியார்மேல் ஒரு இது இருந்ததாமே? என்னிடம் சொன்னதே இல்லை! எப்படிச் சொல்வாய், நான்தான் நாலு வளைவு மேலே இருந்தேனே.

ஆகையால் என் பொறாமை தீரவில்லை, அக்கா. இன்னும் கூடித்தான் போயிருக்கிறது. முன்னெல்லாம் உன் பொடி அவளுக்குக் கிடைத்ததே என்று பொறாமைப்பட்டேன். இப்போது உன் பேச்சு முழுக்க அவளுக்குக் கிடைத்ததே என்று வயிறெரிகிறேன். நான் பார்த்ததெல்லாம் நீ வந்து சேர்வதைத்தான். வழியெல்லாம் உன்னைப் பார்த்துக்கொண்டு வந்தவள் அவள்தான். இதற்கு யாரிடம் போய்ச் சண்டை போடுவேன், சொல்லு?

உச்சியில் பனி விலகியிருந்தது. ஷைனி பேனாவை எடுத்து, எனக்குக் கொடுத்த அந்தக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதப் போனாள். "பொடியோட அளவு எழுதித் தரட்டே, ரமேச்சி? இனி மறைச்சு வைக்க ஒண்ணுமில்லையல்லோ."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "வேண்டாம். எழுதாதே. எனக்குச் சொல்லாதே" என்றேன். அவள் பேனாவை மூடி வைத்துவிட்டாள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் போகிறோம். தாள் நான் மடித்துக் கொடுத்திருக்கிறேன், பொடி அவள் கட்டிக்கொண்டு வருவாள். என் பொட்டலமும் அவள் பையில்தான் இருக்கும். உனக்கு வாக்குக் கொடுக்கிறேன், அக்கா. நெடுமங்காட்டில் நிற்பேன், விதுராவில் நிற்பேன், கல்லாற்றில் நிற்பேன். ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டு, வாட்ச்சைப் பார்க்காமல், வளைவையே பார்த்துக்கொண்டு நிற்பேன்.

மதகுக் கட்டையில் காலி பாட்டிலோடு,
உன் தங்கை
ரமா